பழைய பவர் சப்ளை, புதிய மதர்போட்: மூன்று நாள் அளந்து பார்த்தேன்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டில் பத்து வருசத்துக்கு மேல் ஓடிய கொம்பியூட்டரின் மதர்போட் போன மாதம் செத்துப்போனது. கேசும் பவர் சப்ளையும் அப்படியே இருந்தன. புதிய மதர்போட், இன்டெல் ஐ3-12100 புரொசசர், யாரோ பாவித்துக் கொடுத்த ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் காட் எல்லாம் வாங்கி அதே கேசுக்குள் பூட்டினேன். பவர் சப்ளையை மட்டும் உடனே கொழுவ மனம் வரவில்லை.

"450 வாற் எண்டு போட்டிருக்குத்தானே மாமா, காணும்தானே?" என்றான் தங்கச்சியின் மகன்.

450 என்பது எல்லா லைனையும் கூட்டிப் போட்ட கணக்கு. இந்தக் காலத்துப் புரொசசரும் காட்டும் பெரும்பாலும் 12 வோல்ற் லைனில்தான் இழுக்கும். லேபலில் அந்த லைனுக்கு 22 அம்பியர், அதாவது 264 வாற். புரொசசர் உச்சத்தில் 89, காட் 75, மிச்சச் சாமானுக்கு ஒரு 30 என்று வைத்தால் 200ஐத் தாண்டாது. கடதாசியில் தாராளம்தான்.

மூடியைக் கழற்றவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ற்றுக்கு மேல் நிற்கலாம், அதில் கை வைக்கக்கூடாது. காற்றாடிக் கம்பிக்குள்ளால் டோர்ச் அடித்துப் பார்த்தேன். தெரிந்த கப்பாசிட்டர்களில் ஒன்றும் தலை வீங்கியிருக்கவில்லை. திருகாணி நாலும் துருப்பிடித்துக் கிடந்தன. டச்சுக்குடாப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று எங்கள் யன்னல் கம்பியையே விடுவதில்லை. பின்பக்கச் சிவப்புச் சுவிட்ச் 230இல் நிற்பதையும் பார்த்துக்கொண்டேன். 115இல் இருக்கும்போது எங்கள் கரண்டைக் கொடுத்தால் அவ்வளவுதான்.

அப்புறம் மதர்போட் இல்லாமலே சப்ளையை ஓடவைக்க, மதர்போட்டுக்குப் போகும் 24 முனைக் கொனெக்டரில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் தொடுத்து, சும்மா ஓடவிடாமல் பழைய ஹாட் டிஸ்க் ஒன்றையும் மாட்டிவிட்டேன். 12 வோல்ற் மஞ்சள் வயரில் 12.14, 5 வோல்ற் சிவப்பில் 5.04, 3.3 வோல்ற் செம்மஞ்சளில் 3.33. கூடக்குறைய ஐந்து வீதம்வரை போகலாம் என்பதுதான் விதி. 12 வோல்ற்றுக்கு அது 11.40இலிருந்து 12.60வரை. இந்த அளவில் நின்று "நல்ல சப்ளை" என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறையப்பேர். ஒரு ஹாட் டிஸ்க்கைச் சுழற்றுவது சோதனையே இல்லை.

இரண்டாம் நாள் மதர்போட்டில் கொழுவினேன். புரொசசருக்கு இந்தச் சப்ளையில் 4 முனை பிளக்தான் உண்டு, போர்ட்டில் 8 முனைக் குழி. பாதிக் குழியில் அது சரியாக உட்காரும். 89 வாற் என்றால் ஏழரை அம்பியர், இரண்டு மஞ்சள் வயரும் பகிர்ந்தால் ஆளுக்கு நாலுக்கும் குறைவு. பெரிய புரொசசருக்கு இதைச் செய்யமாட்டேன்.

புரொசசரை மாத்திரம் முழுப் பாரத்தில் ஓடவிட்டபோது 12 வோல்ற் லைன் 11.96இல் அசையாமல் நின்றது. காட்டையும் சேர்த்து ஓட்டியதும் கதை மாறியது. கச்சான் காற்று அடிக்கிற மத்தியானம், அறை அடுப்பு மாதிரி. இருபது நிமிசத்தில் 12 வோல்ற் லைன், ஹாட் டிஸ்க் மாதிரிச் சாமானுக்கு வரும் 4 முனை மொலெக்ஸ் பிளக்கில் 11.61. அதே நேரம் 5 வோல்ற் லைன் 5.19க்கு ஏறியிருந்தது. 12 இறங்க 5 ஏறுவது பழைய சப்ளைகளின் குணம். இரண்டையும் ஒரே கட்டுப்பாட்டில் வைத்திருப்பார்கள். 12இல் பாரம் கூடி 5இல் பாரமே இல்லாதபோது அது இரண்டுக்கும் நடுவில் தடுமாறும். 5 வோல்ற்றைப் புரொசசர் தின்ற காலத்து வடிவமைப்பு அது.

24 முனைக் கொனெக்டரின் முதுகுப்பக்கத்தால் மல்ரிமீற்றர் ஊசியை விட்டுப் பார்த்தேன்: 11.47. மொலெக்ஸில் 11.61, இங்கே 11.47. 0.14 வோல்ற் எங்கே போனது? கையை வைத்தால் மஞ்சள் வயர் நுழைகிற இடம் இளஞ்சூடு. நிறுத்திக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே தகடுகள் மங்கிக் கறுத்து, ஓரத்தில் மெல்லிய பச்சைக் களிம்பு. உப்புக்காற்றின் வேலை.

மூன்றாம் நாள் கொன்ராக்ட் கிளீனர் அடித்து, பத்துப் பதினைந்து தடவை செருகி எடுத்து, நன்றாகக் காயவிட்டு மறுபடி அளந்தேன். 24 முனையில் 11.55. கொனெக்டரின் குறை பாதிக்கு மேல் தீர்ந்தது. மொலெக்ஸில் அதே 11.61. அந்த இறக்கம் சப்ளைக்கு உள்ளேயே இருக்கிறது, அதைக் கழுவி எடுக்க முடியாது.

விதிப்படி இது இன்னும் பாஸ். ஆனாலும் இருபது நிமிசத்தில் இவ்வளவு இறங்குகிற சப்ளையை மணிக்கணக்காக விளையாடுகிற பிள்ளையின் கையில் கொடுக்க எனக்குத் துணிவில்லை. காட்டைக் கழற்றிவிட்டேன். ஐ3-12100க்கு உள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால் அவனுடைய பாடவேலைக்கு அது காணும். அவனுக்கு முகம் வாடித்தான் போனது. புதுச் சப்ளைக்குக் காசு சேரும்வரை காட் சிலிக்கா ஜெல் பையோடு அலுமாரியில். கச்சான் ஓய்ந்து வாடைக்காற்று தொடங்கியதும் அதே முனைகளில் இன்னொரு தடவை அளப்பேன்.