ரெண்டு ஓஎஸ்ஸும் ஒரே விஷயத்தத்தான் சொல்லிச்சு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல கம்ப்யூட்டர ஆன் பண்ணேன், விண்டோஸா உபுண்டுவான்னு கேக்கற க்ரப் மெனு வந்துச்சு, உபுண்டுவ செலக்ட் பண்ணேன், கருப்பு ஸ்க்ரீன்ல நாலஞ்சு வரி ஓடி கடைசில இனிட்ராம்எஃப்எஸ்னு, பூட் பாதில நின்னா வர்ற ஒரு ப்ராம்ப்ட் வந்து கர்சர் மட்டும் மினுக்கிட்டே நின்னுடுச்சு. அதுக்கு மேல இருந்த வரி என்னன்னா, பார்ட்டிஷன்ல, அதாவது டிஸ்க்ல உபுண்டுவுக்குன்னு பிரிச்ச பகுதில, ஏதோ குளறுபடி இருக்கு, எஃப்எஸ்சிகேங்கிற சரிபாக்கற ப்ரோக்ராம நீயே கையால ஓட்டுன்னு. ரீஸ்டார்ட் பண்ணி விண்டோஸுக்குப் போனா அது எப்பவும் போல வந்துடுச்சு. வைஃப்க்கு டேலில கணக்கு வேலை இருந்துச்சு, அவங்க உக்காந்துட்டாங்க.

எங்க வீட்டு மெஷின் எட்டு வருஷப் பழைய டெஸ்க்டாப். ஒரே ஒரு 500 ஜிபி எஸ்எஸ்டி, அதுல பாதி விண்டோஸ் 10, பாதி உபுண்டு 22.04ங்கிற லினக்ஸ். விண்டோஸ் வருது, உபுண்டு வரல, அப்ப உபுண்டுதான் கெட்டுப்போச்சுன்னு யாருக்கா இருந்தாலும் தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, சாயங்காலம் எஃப்எஸ்சிகேவ ஓட்டினேன், அது ஒவ்வொண்ணா கேக்க கேக்க பொறுமையில்லாம எல்லாத்துக்கும் எஸ் சொல்ற ஆப்ஷனப் போட்டு விட்டுட்டேன். இத நான் செஞ்சிருக்கவே கூடாது. எஃப்எஸ்சிகே ஃபைல் சிஸ்டத்தோட, அதாவது எந்த ஃபைல் டிஸ்க்ல எங்க இருக்குங்கிற பதிவோட, கணக்க நேர் பண்ணும், அவ்வளவுதான், உங்க ஃபைல காப்பாத்தணும்ங்கிறது அதோட வேலை இல்ல. டிஸ்க்கே சரியா பேசாத நேரத்துல அத எழுத விட்டா இருக்கறதும் போகும்.

உபுண்டு வந்துடுச்சு. ஆனா அம்மாச்சி பேசின ரெக்கார்டிங் வெச்சிருந்த ஃபோல்டர்ல மூணு ஃபைல காணோம். 2016ல ஊருக்குப் போனப்ப ஃபோன்ல புடிச்சது, அம்மாச்சி இப்ப இல்ல. ரெண்டு நிமிஷம் கை ஓடல எனக்கு. அப்புறம் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்னு ரூட்ல, அதாவது பார்ட்டிஷனோட மேல் மட்டத்துல, ஒரு ஃபோல்டர் இருக்குமே, அத தொறந்து பாத்தா, ஹேஷ் குறி போட்டு வெறும் ஐநோட் நம்பரே, அதாவது ஃபைலுக்கு சிஸ்டம் உள்ளுக்குள்ள வெச்ச நம்பரே, பேரா ஒரு பதினஞ்சு இருபது ஃபைல் கெடக்கு. பேரு போச்சு, எக்ஸ்டென்ஷன் போச்சு. ஃபைல்னு ஒரு கமாண்ட் இருக்கு, அது பேரப் பாக்காது, உள்ள இருக்கறதப் பாத்து இது ஆடியோ, இது படம்னு சொல்லிடும், அத வெச்சு மூணையும் கண்டுபுடிச்சேன்.

சரி முடிஞ்சுதுன்னு பாத்தா நாலாவது நாள் ஒரு டாக்குமெண்ட் சேவ் ஆக மாட்டேங்குது, ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்ங்குது. ஓடிட்டு இருக்கும்போதே எழுதறதுல பிரச்சனைன்னு தெரிஞ்சா உபுண்டு தான் இருக்கற ரூட் பார்ட்டிஷன படிக்க மட்டும்னு பூட்டிடும், மேற்கொண்டு கெடுக்கக் கூடாதுன்னு. மச்சானுக்கு ஃபோன் பண்ணேன். "மாமா, பேசாம அந்த லினக்ஸ அழிச்சிட்டு ஃப்ரெஷ்ஷா போடுங்க, இல்லன்னா மதர்போர்டு கடிகாரத்த ஓட்டற சிமாஸ் பேட்டரி போயிருக்கும், உங்க விண்டோஸ்ல டைம் வேற தப்பா காட்டுதுல்ல"ன்னான். டைம் தப்பா காட்டினது உண்மைதான், ஆனா எவ்வளவு தப்புன்னு பாருங்க, சரியா அஞ்சரை மணி நேரம் பின்னாடி. பேட்டரி செத்தா தேதியே எங்கயோ போயிடும், இப்படி அளந்து வெச்ச மாதிரி போகாது. மதர்போர்டு கடிகாரத்துல லினக்ஸ் யுடிசிங்கிற உலகப் பொது நேரத்த வெக்கும், விண்டோஸ் அத உள்ளூர் நேரம்னு எடுத்துக்கும், நம்ம ஊருக்கு யுடிசிக்கும் வித்தியாசம் 5.30. அது தனிக் கதை, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

ரீஇன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி இந்த தடவ நிதானமா போகணும்னு முடிவு பண்ணேன். பென்ட்ரைவ்லருந்தே உபுண்டு ஓடற லைவ் யுஎஸ்பில பூட் பண்ணி, பார்ட்டிஷன ரீட் ஒன்லியா, கூடவே நோலோட்னு ஒரு ஆப்ஷனும் போட்டு மவுண்ட் பண்ணேன், அதாவது தொறந்தேன். வெறும் ரீட் ஒன்லி போட்டா எக்ஸ்ட்4ங்கிற உபுண்டுவோட ஃபைல் சிஸ்டம் தன்னோட ஜர்னல்ல, எழுதப்போறதக் குறிச்சு வெக்கற ஏட்டுல, மிச்சமிருக்கறத டிஸ்க்ல எழுதப் பாக்கும், நோலோட் போட்டாதான் அதத் தொடாது. முழு ஹோம் ஃபோல்டரையும் வெளி டிஸ்க்குல காப்பி எடுத்தேன், நடுநடுவுல நின்னு நின்னுதான் போச்சு, ஆனா எல்லாம் வந்துடுச்சு.

அப்புறம்தான் டிமெஸேஜ், அதாவது உபுண்டுவோட மையமான கெர்னல் எழுதி வெக்கற மெசேஜ் எல்லாம் பாத்தேன். செவப்பு செவப்பா வரி வரியா, ஐசிஆர்சி எரர், அதாவது டேட்டா சரியா வந்து சேரல, அடுத்து டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல இருக்கற லிங்க்க ஹார்ட் ரீசெட் பண்றேன், மறுபடி எரர், மறுபடி ரீசெட். 6 ஜிபிபிஎஸ் வேகத்துல ஆரம்பிச்ச லிங்க்க கெர்னல் 3க்கு எறக்கி அப்புறம் 1.5க்கு எறக்கியிருந்துச்சு. அடுத்தது, டிஸ்க் தன்னப் பத்தி தானே குறிச்சு வெக்கற ஸ்மார்ட் ரிப்போர்ட். அதுல எல்லாரும் பாக்கறது 5ம் நம்பர், கெட்டுப்போன எத்தனை செக்டார, அதாவது டிஸ்க்கோட சின்னப் பகுதிய, மாத்தி வெச்சிருக்குன்னு, அது பூஜ்யம். 197, படிக்க முடியாம நிக்கற செக்டார், அதுவும் பூஜ்யம். லாங் டெஸ்ட் ஓட்டினேன், பாஸ். ஆனா 199, யுடிஎம்ஏ சிஆர்சி எரர் கவுண்ட், 1,846. அந்த லாங் டெஸ்ட்ட டிஸ்க் தனக்குள்ளயே பண்ணிக்குது, கேபிள் வழியா டேட்டா போய் வரவேண்டிய தேவையே இல்ல, அதனாலதான் பாஸ். 199 எண்ணறது வழில கெட்டுப்போன டேட்டாவ. டிஸ்க் நல்லாருக்கு, வழி சரியில்ல.

அப்ப விண்டோஸ் மட்டும் எப்படி ஒழுங்கா ஓடுச்சுன்னு கேள்வி வருதுல்ல. வைஃப்கிட்ட கேட்டேன். "ஏங்க, ரெண்டு மாசமா சொல்லிட்டு இருக்கேனே, டேலில என்ட்ரி போடும்போது அப்பப்ப அரை நிமிஷம் அப்படியே நின்னுட்டு அப்புறம் வருதுன்னு"ன்னாங்க. பழைய மெஷின்ல, ஸ்லோவாத்தான் இருக்கும்னு நான்தான் அத காதுல போட்டுக்கல. விண்டோஸோட லாக் காட்டற ஈவெண்ட் வியூவரத் தொறந்து சிஸ்டம் லாக்ல பாத்தா, ஈவெண்ட் 129, டிவைஸ ரீசெட் பண்ணேன்னு ரெண்டு மாசமா கெடக்கு, கூடவே 153, ரீட்ரை பண்ணேன்னு. உபுண்டு சொன்ன அதே விஷயம். விண்டோஸ் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணி ஓட்டிட்டு லாக்ல மட்டும் எழுதி வெச்சிருக்கு, உபுண்டு வேலைய நிறுத்திட்டு நம்மள கூப்பிட்டுச்சு, நான் கூப்பிட்டவனையே குத்தவாளின்னு அழிக்கப் போயிட்டேன். ஒரே மெஷின்ல ரெண்டு ஓஎஸ், அதாவது டூயல் பூட், வெச்சிருக்கவங்களுக்கு இது பெரிய வசதி, ஒரே ஹார்டுவேரப் பத்தி ரெண்டு பேர்கிட்ட விசாரிக்கலாம்.

சைடு பேனலக் கழட்டிப் பாத்தேன். டிஸ்க்க மதர்போர்டோட இணைக்கற செவப்பு சாட்டா கேபிள், கனெக்டர்ல இரும்பு க்ளிப்பே கெடையாது, பேனல மூடும்போது அது கேபிள அமுக்கி அமுக்கி டிஸ்க் பக்கம் ஒரு ஓரம் லேசா தூக்கிட்டு இருந்துச்சு. வெரல வெச்சா ஆடுது. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி தூசி தட்டறதுக்குன்னு நான் கழட்டி மாட்டினது ஞாபகம் வந்துச்சு.

மறுநாள் ஆபீஸ் முடிச்சு ரிச்சி ஸ்ட்ரீட் போய், க்ளிப் வெச்ச கேபிள், ஒரு முனை எல் ஷேப்ல வளைஞ்சதா கேட்டு வாங்கிட்டு வந்து, மதர்போர்டுல வேற போர்ட்ல மாட்டினேன். டக்குனு ஒரு சத்தத்தோட உக்காந்துச்சு. திரும்ப லைவ் யுஎஸ்பில வந்து, காப்பி பத்திரமா இருக்குன்னு பாத்துட்டு, அப்புறம் எஃப்எஸ்சிகே. ரீஇன்ஸ்டால் எதுவும் பண்ணல.

199 என்னிக்கும் பூஜ்யத்துக்குத் திரும்பாது, ஏறாம இருக்கான்னுதான் பாக்கணும். 1,846ன்னு ஒரு சீட்டுல எழுதி கேபினட்ல ஒட்டியிருக்கேன், மூணு வாரமாச்சு, அதுலயேதான் நிக்குது. பேரு போன மூணு ரெக்கார்டிங்ல ரெண்டுக்கு கேட்டுப் பாத்து பேரு வெச்சிட்டேன். மூணாவதுல அம்மாச்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பக்கத்துல யாரோ இருமறாங்க, அது யாருன்னு அம்மாகிட்ட கேட்டாதான் எந்த நாள்னு தெரியும்.