மாமா

மாமா போன வாரம் தவறிவிட்டார். வயது எண்பதைத் தாண்டியதால் 'கல்யாணச் சாவு' என்றார்கள். எனக்கு அப்படி நினைக்க முடியவில்லை.

1962 சீனப் போருக்குப் பின் ராணுவத்துக்கு நிறைய ஆள் எடுத்தபோது சேர்ந்தவர். 1971 டிசம்பரில், பாகிஸ்தான் போரின்போது, மேற்கு எல்லையில் 25 பவுண்டர் பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுக்கும் வேலை. ஒரு குண்டு 11 கிலோவுக்கு மேல். "பயம் எல்லாம் விடிந்த பிறகுதான். ராத்திரி தோள்வலி மட்டும்தான் தெரியும்" என்பார். போரைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். அந்த எல்லையில் போரிட்டவர்களுக்குத் தந்த பஸ்சிமி ஸ்டார் பதக்கம் டிரங்குப் பெட்டியில் பழைய கரண்டு பில்களோடு கிடந்தது.

தொழிற்சாலை என்றால் மட்டும் வாய் ஓயாது. ராணுவத்திலிருந்து வந்ததும் லேத்தில் நின்றவர், ஓய்வு பெறும்வரை அதிலேயே நின்றார். கடைந்த உருளையின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டி, "பிசிறு இருக்கு" என்பார். அப்புறம்தான் நுணுக்கமாக அளக்கும் கருவியான மைக்ரோமீட்டரை எடுப்பார். அதன் ஒரு கோடு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

காது கேட்காது. பீரங்கியாலா, பட்டறைச் சத்தத்தாலா என்று கேட்டால், "ரெண்டும் பங்கு போட்டுக்கிச்சு" என்று சிரிப்பார். அங்கே யாருக்கும் காதடைப்பான் தரவில்லை என்ற கோபம் எனக்குத்தான், அவருக்கு இல்லை.

இனி அத்தையின் பெயருக்குக் குடும்ப ஓய்வூதியம் மாற்ற வேண்டும். திங்கட்கிழமை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகிறோம். விவரம் தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.