வரியைக் குறைப்பதாகச் சொல்லாத வேட்பாளரின் நாட்குறிப்பு

4 பிப்ரவரி 2022, வெள்ளி
நகராட்சி வார்டு உறுப்பினர் தேர்தல், மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள். சுயேச்சையாகக் கொடுத்துவிட்டேன். டெபாசிட் 2,000 ரூபாய். நகராட்சி அலுவலகப் படிக்கட்டு முழுக்கக் கரைவேட்டிகள். தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களுக்கு 2011-க்குப் பிறகு இப்போதுதான் உள்ளாட்சித் தேர்தல். 2016-இல் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து மன்றம் இல்லாமல் தனி அலுவலர் ஆட்சிதான். இத்தனை வருடப் பசியும் அந்த வரிசையில் தெரிந்தது.

8 பிப்ரவரி, செவ்வாய்
நோட்டீசில் என்ன போடுவது என்று வீட்டில் சண்டை. “சொத்து வரியைக் குறைப்பேன் என்று போடு அக்கா, அது போதும்” என்கிறான் தம்பி. எப்படிப் போடுவது? 2018-இல் உயர்த்திய வரியை 2019-இல் நிறுத்தி வைத்தார்கள். அதற்கு முந்தைய சீராய்வு 2008-இல் நடந்தது. வரி விகிதத்தைத் திருத்தாவிட்டால் மானியம் கிடையாது என்று மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டிருக்கிறது. யார் ஜெயித்தாலும் வரி ஏறத்தான் போகிறது.

நான் கேட்பது வேறு. எங்கள் வார்டின் கேட்பு (வரவேண்டிய மொத்த வரி), வசூல், நிலுவை மூன்றையும் அரையாண்டுக்கு ஒருமுறை தெருமுனைப் பலகையில் எழுதிப் போட வேண்டும். மெயின் ரோட்டில் மூன்று மாடிக் கட்டடம், கீழே கடைகள். பதிவேட்டில் அது இன்னும் ஓடு வேய்ந்த வீடு என்று தெருவே பேசுகிறது. அதை அளக்காமல், திண்ணை வைத்த வீட்டுக்காரரிடம் கூடுதலாகக் கேட்க எந்த மன்றத்துக்கும் முகம் இருக்கக் கூடாது.

தம்பி நோட்டீசைப் படித்துவிட்டு, “டெபாசிட் போய்விடும்” என்றான்.

11 பிப்ரவரி, வெள்ளி
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உட்காரச் சொல்லி, கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். வரி ரசீதுகள், ஆண்டு வாரியாக, துருப்பிடித்த குண்டூசியில். ‘நூலக வரி’ என்ற இடத்தில் விரலை வைத்து, “இதை ஒருமுறைகூட நான் பாக்கி வைத்ததில்லை அம்மா. கிளை நூலகத்தில் மழை பெய்தால் புத்தகத்தின் மேல்தான் பெய்கிறது” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. நூலகம் நகராட்சியின் கையில் இல்லை, வரியை வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை என்று விளக்கியிருக்கலாம். அவர் முகத்துக்கு முன்னால் அது சாக்காகத்தான் கேட்டிருக்கும்.

14 பிப்ரவரி, திங்கள்
விடியற்காலை குப்பை வண்டியோடு நடந்தேன். வண்டியில் பச்சைப் பெட்டி, நீலப் பெட்டி. வீடுகளிலிருந்து வருவதோ எல்லாம் ஒரே பையில். தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் கையுறையைக் கழற்றிக் காட்டினார். கட்டைவிரல் பக்கம் கிழிந்து, உள்ளே பழைய தழும்பு. “பிரித்துக் கொடுத்தால் கை கிழியாது” என்றார். அவர் ஒப்பந்தத் தொழிலாளர். கையுறை தரவேண்டியது யார் என்று கேட்டால் நகராட்சி ஒப்பந்ததாரரைக் காட்டும், ஒப்பந்ததாரர் நகராட்சியைக் காட்டுவார். மாலைப் பிரசாரத்தில் வரியை விட்டுவிட்டு இதைத்தான் பேசினேன்.

19 பிப்ரவரி, சனி
வாக்குப்பதிவு. பூத் ஏஜென்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். மற்றபடி எழுத ஒன்றுமில்லை.

22 பிப்ரவரி, செவ்வாய்
தோற்றேன். டெபாசிட்டும் போயிற்று, தம்பி பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை. வென்றவரின் நோட்டீசில் ‘வரி உயராது’ என்று இருந்தது.

2 ஏப்ரல், சனி
சொத்து வரி உயர்வை நேற்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் நகராட்சி போன்ற இடங்களில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. இனி ஊரில் 601 சதுர அடி வீடு ஒன்றுகூட இருக்காது, பாருங்கள். எங்கள் வீட்டுக்கு 50 சதவீதம். வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதமாம். மெயின் ரோட்டு மூன்று மாடி எந்தக் கணக்கில் வரும்?

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினேன்: வார்டின் கேட்பு, வசூல், நிலுவை, கட்டடங்களைக் கடைசியாக அளந்த தேதி. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டியாயிற்று. திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.