ஒப்புக்குச் சப்பாணியாக ஒரு நேர்காணல்

அரசு மானியம் வாங்கும் ஒரு விளையாட்டு அமைப்பில் கால்பந்து தலைமைப் பயிற்சியாளர் வேலை. 'பெண்களும் விண்ணப்பிக்கலாம்' என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் (ஏ.எஃப்.சி.) 'சி' பயிற்சியாளர் லைசென்ஸ் இருக்கிறது, ஒன்பது வருட அனுபவம் இருக்கிறது. போட்டுத்தான் பார்ப்போமே என்று போட்டேன்.

சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஜனவரி உறைபனியில் கோத்தகிரியிலிருந்து முதல் பஸ் பிடித்து ஊட்டி போனேன். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது, அனுபவச் சான்றிதழ் ஒன்றைத் தவிர. "கையெழுத்து போதாதும்மா, ரவுண்டு சீல் வேணும்" என்று கிளார்க் திருப்பித் தள்ளினார். விளம்பரத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. திரும்பி வந்து, சீல் வாங்கி, மறுபடி போனால் அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை, அப்படியே ஃபைலில் செருகிக்கொண்டார். எதைத் திருப்பி அனுப்பினாலும் காரணத்தை ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை.

மூன்றாவது நடை நேர்காணலுக்கு. எதிரே நான்கு பேர், நான்கும் ஆண்கள். முதல் கேள்வியே, "வெளியூர் டோர்னமென்ட்டுக்குப் பசங்களைக் கூட்டிட்டுப் போகணும், வீட்டில விடுவாங்களா?" "இதை எல்லாரிடமும் கேட்டீங்களா சார்?" என்றேன். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் வாட்சைப் பார்த்தார். பதினோரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பந்தைப் பற்றி ஒரு கேள்வி வரவில்லை.

வெளியே வந்தால் கிளார்க் மேசையில் பிளாஸ்டிக் கவர் பிரிக்காத ட்ராக் சூட். நெஞ்சுப் பக்கம் இரண்டு இனிஷியல், அதன் கீழே 'தலைமைப் பயிற்சியாளர்'. இனிஷியல் என்னுடையது இல்லை. சைஸ் எக்ஸ்.எல்., நான் போடுவது மீடியம்.

அமெரிக்க ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.லில் 2003 முதல் 'ரூனி விதி' என்று ஒன்று இருக்கிறது. தலைமைப் பயிற்சியாளர் இடம் காலியானால் வெள்ளையர் அல்லாத ஒருவரையாவது நேர்காணலுக்குக் கூப்பிட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். கூப்பிட்டால் போதும் என்று ஆகிவிட்டால் என்ன நடக்கும்? பிரையன் ஃப்ளோரஸ் என்ற கறுப்பினப் பயிற்சியாளர் 2022-இல் போட்ட வழக்கைப் படியுங்கள். அவருடைய நேர்காணலுக்கு முன்பே, வேலை கிடைத்ததற்கு வாழ்த்து என்று அவர் போனுக்கு மெசேஜ் வந்ததாம். அனுப்பியவர் நினைத்தது இன்னொரு பிரையனை. அவருக்கு மெசேஜ், எனக்கு ட்ராக் சூட்.

சரி, அப்புறம் நடந்ததுதான் முக்கியம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். 'என்னை ஏன் எடுக்கவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள், விளக்கம் தர வேண்டியதில்லை என்று இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். மதிப்பெண் பட்டியலின் நகல், தேர்வு அளவுகோல் இருக்கும் கோப்பின் நகல் என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். முப்பது நாள் கெடு, எனக்கு இருபத்தேழாம் நாள் வந்தது. 'விளையாட்டு அறிவு: 40-க்கு 12'.

கேட்காத கேள்விக்குப் பன்னிரண்டு மார்க்!

அந்தத் தாளையே இணைத்து, இந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று நிர்வாகக் குழுவுக்கு எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் நகலில் கையெழுத்து மட்டும் போட்டு நீட்டினார் கிளார்க். "ரவுண்டு சீல் வேணும் சார்" என்றேன். டிராயரைத் திறந்து குத்திக் கொடுத்தார்.