தங்கச்சிக்குச் சொன்ன கணக்கு

நேற்று டர்பனில் சாட்ஸ்வொர்த் கோயிலில் ஒரு தங்கச்சி கேட்டாள்: "அக்கா, வீட்டிலிருந்தே க்ரீம் விற்கச் சொல்கிறார்கள், சேரலாமா?"

நான் எட்டு மாதம் செய்தேன். கமிஷன் வந்தது உண்மைதான். ஆனால் மாத இலக்கை எட்ட நானே வாங்கி அலமாரியில் அடுக்கிய சரக்கு, பெட்ரோல், டேட்டா எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கூட்டினால் 2,300 ராண்ட் நஷ்டம். வாங்கியவர்கள் யார்? பெரியம்மா, நாத்தனார், பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அவர்களுக்கு க்ரீம் தேவையே இல்லை, முகதாட்சண்யத்துக்காக வாங்கினார்கள். பெரியம்மா வாங்கியது பென்ஷன் பணத்தில். அது இன்னும் வலிக்கிறது.

இங்கே தென்னாப்பிரிக்காவில் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஆள் மேல் ஆள் சேர்த்துப் பணம் பார்க்கும் பிரமிட் திட்டங்களைத் தடை செய்கிறது. பொருள் விற்பதைவிட ஆள் சேர்ப்பதில்தான் முக்கியமாகப் பணம் வருகிறது என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள், கூப்பிடுவது சொந்தக்காரராக இருந்தாலும் சரி. பொருள் விற்றுக் கமிஷன் பெறுவது சட்டப்படி சரிதான். ஆனால் சட்டப்படி சரி என்பதால் லாபம் வரும் என்று இல்லை.

எங்கள் சித்தி மாங்காய் ஊறுகாய் போட்டு விற்கிறார். அவருக்கு இலக்கும் இல்லை, மேலே யாரும் இல்லை. பாட்டில் தீர்ந்தால் ஆட்களே தேடி வருகிறார்கள்.

"உனக்குக் கீழே ஒருவரையும் சேர்க்காமல், பொருளை மட்டும் விற்றால் மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று கேள்" என்றேன். அப்புறம் சொல்கிறேன் அக்கா என்று போயிருக்கிறாள்.