சமத்துப் பிள்ளை

முத்துப்பேட்டைக்குத் தெற்கே உள்ள ஓர் ஊரில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். மாதந்தோறும் பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் அளந்து பதிவது என் வேலைகளுள் முக்கியமானது. 1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே, உடல் வளர்ச்சியோடு மன வளர்ச்சியும் அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. ஆனால் எடையை எழுதிப் பழகிய கை, எடை சரியாக இருக்கும் பிள்ளையைக் கடந்து போய்விடுகிறது. நானும் அப்படி ஒரு பிள்ளையைக் கடந்து போனேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஓர் இரவில் படுத்துவிட்டன. மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆயிற்று. மையம் மீண்டும் திறந்ததும் வந்த பிள்ளைகளில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி அழாமல், அடம் பிடிக்காமல், கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். “சமத்து” என்று அவளைப் பலமுறை மெச்சியிருக்கிறேன். புயலுக்கு முன் வாய் ஓயாமல் பேசியவள் அவள் என்பதை ஆயாம்மா நினைவூட்டிய பிறகுதான், தகரக் கூரையில் காற்று படபடக்கும்போதெல்லாம் அவள் காதைப் பொத்திக்கொள்வது என் கண்ணில் பட்டது.

மணலில் வீடு கட்டி, மேலே ஓலைக்கீற்றுத் துண்டை வைத்து, ஓங்கி அடித்துக் கலைப்பாள். மறுபடி கட்டுவாள், மறுபடி கலைப்பாள். முதலில் நான் தடுத்தேன். அது தவறு. வாயால் சொல்லத் தெரியாத வயதில் பட்ட பயத்தைப் பிள்ளைகள் விளையாட்டில்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்று பின்னால் ஒரு பயிற்சியில் அறிந்தேன். அதன்பின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கட்டினேன், அவள் கலைத்ததும், “காத்து வந்துச்சா ஆயி? நாம எங்க போய் இருந்துக்கலாம்?” என்று கேட்டேன். பல நாள் கழித்து, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லை வைத்து, “பள்ளிக்கூடம்” என்றாள். புயலன்று அவர்கள் ஒண்டியிருந்த இடம் அது.

ஆனால் பிள்ளையோடு மட்டும் உட்கார்ந்தால் போதவில்லை. புதிதாக நட்ட கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும் என்ற கவலையில் கணவர் திருப்பூருக்குப் போய்விட, தாய் சரியாக உறங்காமலும் யாரிடமும் பேசாமலும் இருந்தாள். பிள்ளை சிரித்தால் சிரிக்கவும், மழலையில் கேட்டதற்குப் பதில் சொல்லவும் ஆள் இருக்கும்போதுதான் பேச்சும் துணிவும் வளர்கின்றன. அதற்கான தெம்பு அந்தத் தாயிடம் இல்லை. மையத்தில் தரும் சத்துமாவான இணைமாவு வாங்க வரும் நாட்களில் அவளை அரைமணி நேரம் இருத்திப் பேச வைத்தேன். “யாருகிட்ட டீச்சர் சொல்லுறது?” என்று ஒருநாள் அழுதாள். அதன்பின் கிராமச் செவிலியர் வழியாக அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவளை அனுப்பி வைத்தோம்.

மறு ஐப்பசியில் ஒருநாள் காற்று ஊளையிட்டபோது, அந்தச் சிறுமி காதைப் பொத்தவில்லை. ஓடி வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர், இது பெரிய காத்தா, சின்னக் காத்தா?” என்று கேட்டாள். சின்னக் காற்றுதான் என்றேன். “அப்ப அம்மாகிட்ட சொல்லணும்” என்றாள்.