லைஃப் சர்டிபிகேட்டும் அம்மாவின் விரல்களும்

அம்மாவுக்கு 82 வயது. அப்பா ரயில்வேயில் இருந்தவர். அவர் போன பிறகு வரும் குடும்ப ஓய்வூதியத்துக்கு வருஷாவருஷம் நவம்பரில் லைஃப் சர்டிபிகேட், அதாவது உயிரோடு இருப்பதற்கான சான்று, கொடுக்க வேண்டும். இத்தனை நாள் அக்கா பார்த்துக்கொண்டாள். இந்த முறை அவளுக்கு முட்டி ஆபரேஷன். நான் இரண்டு நாள் லீவில் பெங்களூரிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போனேன்.

பேங்குக்குப் போனதுதான் முதல் தப்பு. ஆட்டோவில் இறக்கி, படி ஏற்றி, டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் காத்திருந்தால், மெஷினில் கைரேகை விழவில்லை. பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. கவுண்டரில் இருந்தவர் தலை நிமிராமலே, "ரேகை தேஞ்சிருக்கு சார், நாளைக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார். நாளைக்கு மட்டும் ரேகை எங்கிருந்து வரும்? வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

அவரைவிட என் மேல்தான் எனக்குக் கோபம். "நல்லா அழுத்தி வைங்கம்மா" என்று எல்லார் முன்னாலும் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். விரலைப் பிடித்து நானே அழுத்தினேன். நுனியெல்லாம் வழவழவென்று இருந்தது. தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்தில் இருந்த காலத்தில் ராத்திரி உட்கார்ந்து ஓலைப்பெட்டி முடைந்த விரல்கள் அவை. என் ஸ்கூல் ஃபீஸில் பாதி அந்தப் பெட்டிகள் கட்டியது. திரும்பும்போது ஆட்டோவில் அம்மா சொன்னது ஒன்றுதான்: "உன் லீவு வீணாப் போச்சேய்யா."

அன்று ராத்திரி ஜெபத்தில் 90-ஆம் சங்கீதம் வாசிக்கச் சொன்னாள். அடக்க ஆராதனைகளில் எத்தனையோ தடவை கேட்டதுதான். "எழுபது வருஷம், பெலத்தின் மிகுதியால் எண்பது" என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. அந்த எண்பதுக்கு மேலும் இரண்டு வருஷம் கர்த்தர் கூட்டிக் கொடுத்திருக்கிறார். அந்த இரண்டு வருஷத்தில் நான் அம்மாவோடு இருந்தது கிறிஸ்துமஸ் எல்லாம் சேர்த்து ஒன்பது நாள். வயதுசென்ற தாயை அசட்டைபண்ணாதே என்று ஓய்வுநாள் பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். மன்னிப்புக் கேட்டேன். "சரி, படு" என்றாள்.

முகத்தைக் காட்டியே சர்டிபிகேட் எடுக்கலாம் என்று எதிர்வீட்டுப் பெண் மறுநாள் சொன்னாள். போனில் ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் இரண்டு ஆப்பும் வேண்டும். முதலில் போனை இயக்குகிறவர் தன் முகத்தைப் பதிய வேண்டும். பிபிஓ (ஓய்வூதிய ஆணை) நம்பரையும் பேங்க் கணக்கு எண்ணையும் இரண்டு தடவை சரிபாருங்கள், தப்பானால் பிறகு நிராகரித்துவிடுவார்கள். மறுமணம் ஆகிவிட்டதா என்று ஒரு கேள்வியும் வரும். அப்பாவின் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

வீட்டுக்குள் வெளிச்சம் போதாமல் இரண்டு முறை தவறியது. திண்ணையில் உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றி எடுத்தேன். கண்ணைச் சிமிட்டச் சொன்னால், ஜெபத்துக்கு மூடுவதுபோல மூடிக்கொண்டாள். அப்புறம் ஒருவழியாக விழுந்தது. சர்டிபிகேட்டின் எண்ணான பிரமாண் ஐடி எஸ்எம்எஸ்ஸில் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்தே "ஸ்தோத்திரம்" என்றோம்.

யாரும் எங்களுக்குச் சொல்லாதது இரண்டு. 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம், நவம்பர் கூட்டத்தில் நிற்க வேண்டியதில்லை. போன் பழக்கமில்லை என்றால் தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுப்பார், 70 ரூபாய்தான்.

லீவை மூன்று நாள் நீட்டினேன். குருத்தோலை கொஞ்சம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். "இப்ப வருமா தெரியலையே" என்று சொல்லிக்கொண்டே அம்மா ஒரு சின்னப் பெட்டி முடைந்தாள். பிபிஓவும் ஆதாரும் இப்போது அதில்தான் இருக்கின்றன.